நாலடிக்குக் கீழே

வீட்டைத் தூக்கி நிறுத்தி இருபது நாள்கூட ஆகவில்லை. கொடியில் போட்ட துணி கையை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிற வெயில் காலம். அன்று காலை பத்தரை மணிக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனவளுக்குச் சமையலறை வாசலில் உள்ளங்கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். புது டைல்ஸின் இணைப்பில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓர் ஈரக் கோடு. பாப்பா எதையோ கொட்டியிருக்கிறாள் என்று மனசுக்குள் ஒரு திட்டு திட்டிவிட்டுத் துணியால் துடைத்தாள். துடைத்த பிறகுதான் உறைத்தது. பாப்பா பள்ளிக்கூட வேனில் ஏறிப்போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. வீட்டைப் பெருக்கித் துடைத்ததே அதற்கு அப்புறம்தான். துணியை முகர்ந்து பார்த்தாள். சாக்கடை நாற்றம்.

பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தபோது கோடு மறுபடியும் இருந்தது.

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த ஈரத்தை ஒழிக்கத்தானே இவ்வளவு பாடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் குடி வந்தபோது வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். ஊர் வீங்கி இந்தப் பக்கம் வழிய வழிய, காலி மனையெல்லாம் வீடாயிற்று, வீடெல்லாம் மாடியாயிற்று, லாரிகள் வந்து ரோடு பெயர்ந்தது. பெயர்ந்ததைச் சுரண்டி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதன் தலையிலேயே புது ரோட்டைக் கொட்டினார்கள். கொட்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு படி காணாமல் போனது. படிகள் தீர்ந்த பிறகும் ரோடு வளர்வதை நிறுத்தவில்லை. கடைசியில் ஜன்னலைத் திறந்தால் வண்டிச் சக்கரங்கள்தான் தெரிந்தன. தெருவோரம் வெட்டிய சாக்கடை வீட்டுத் தரையைவிட உயரத்தில் ஓடி, முனையில் எதிலும் சேராமல் அப்படியே நின்றது. நகராட்சியில் கேட்டால், உங்க தெரு இன்னும் எங்க கைக்கு வரலை என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், அதை எப்பவோ கொடுத்தாச்சே என்றார்கள்.

அவளுக்கு வேலையே குறை கேட்பதுதான். வீட்டிலிருந்தபடி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கு வருகிற புகார்களைப் பதிவு செய்வாள். தெருவில் அவளுக்கு 'ஃப்ரிட்ஜ் மேடம்' என்றே பெயர். எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொள்கிறாரா, சும்மா தலையாட்டுகிறாரா என்பதை அவர் 'ம்' கொட்டுகிற தோரணையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இந்த எட்டு வருஷத்தில் அவள் சொன்னதை ஒருவரும் எழுதிக்கொண்டதில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைத் தூக்கினார்கள். சுவர்களுக்கு அடியில் நூற்றுச் சொச்சம் ஜாக்கிகளைக் கொடுத்து, மேஸ்திரி விசில் ஊத, ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திருக, வீடு நூல் நூலாக எழும்பியது. சுவரும் கூரையும் மேலே வந்தன. பழைய தரை கீழேயே தங்கிவிட்டது. இடையில் செங்கல் கட்டி, மணலைக் கொட்டி இறுக்கி, அதன்மேல் புதுத் தரை போட்டார்கள். நாலடி. வேலை முடியும்வரை வேறிடத்தில் தங்கிவிட்டுத் திரும்பி வந்த அன்று வாசலில் நின்று, ரோட்டை முதன்முதலாகக் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.

ஈரத்துக்கு மறுநாள் சத்தம் வந்தது. அதை முதலில் கேட்டதுகூட அவள் இல்லை. எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெரியவர், ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டவில்லை என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்தினார்.

“ஏம்மா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சா? யாரோ மொண்டு மொண்டு ஊத்துற சத்தம் கேக்குதே.”

இல்லை சார் என்று அவள் தொழில்முறைச் சிரிப்போடு சமாளித்தாள். பெரியவர் வைத்த பிறகு ஹெட்போனைக் கழற்றினாள். மின்விசிறியின் கிறீச், வெளியே கலவை இயந்திரம் உருளும் ஓசை, பக்கத்து மனையில் யாரோ கம்பி வெட்டும் நாராசம், இவற்றுக்கெல்லாம் அடியில், காது பழகப் பழக, தரைக்குள்ளிருந்து எழும்பிவந்தது அந்தச் சத்தம். பிளாஸ்டிக் மக்கு சிமெண்டுத் தரையைச் சுரண்டும் சரக். பிறகு ஊற்றும் சளக். நடுவில் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஒரு இடைவெளி. மறுபடி சரக்.

அவள் கணவன் இரண்டு பஸ் மாறி, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறவன். மாலையில் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் அவனைத் தரையில் காதை வைக்கச் சொன்னாள். வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை என்றான். அவளுக்கு அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“நாலடி தூக்கியும் உனக்கு நிம்மதி வரலைன்னா நான் என்னதான் செய்யறது?” என்றான். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போய்ச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் பிளம்பரை அனுப்பிவைத்தான். பிளம்பர் ஈரக் கோட்டின் மேலேயே டைல்ஸை உடைத்து, ஓர் ஆள் தோள் நுழைகிற அகலத்துக்கு இரண்டடி தோண்டினார். உள்ளே மணல் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகியது. குழாய் எதுவும் அந்தப் பக்கமே வரவில்லை. இது பைப் ஈரமே இல்லைம்மா என்று சொல்லிவிட்டு, குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, நாளைக்கு வந்து மூடித் தருகிறேன் என்று போனார். நாளைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் போனை எடுத்து, ஆளை அனுப்பியிருக்கிறேனே, வரவில்லையா என்று அவளையே கேட்டார்.

மேஸ்திரியைக் கூப்பிட்டாள். கீழே நிரப்பியதில் ஏதாவது கோளாறா என்று மட்டும்தான் கேட்டாள். பின்னணியில் வேறெங்கோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

“மணல் கொட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இறங்கிப் பார்த்தோம்மா. கீழ யாரும் இல்ல.”

யாராவது இருந்தார்களா என்று அவள் கேட்கவே இல்லை. அதைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு அந்த நம்பர் கிடைக்கவே இல்லை.

அன்று பிற்பகல் சத்தத்தோடு குரலும் வந்தது. முனகல் என்றுதான் முதலில் நினைத்தாள். முழங்காலிட்டு, பலகையின் மேல் காதை வைத்தாள். மரத்தில் சாக்கடை நாற்றம் ஏறியிருந்தது. கீழே ஒரு பெண், வேலைக்கு நடுவில் மூச்சிரைக்க, யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இறங்காத கண்ணு. அம்மா முடிச்சிட்டேன். இதோ முடிச்சிட்டேன்.”

அவள் குரல்தான். அந்த வார்த்தைகளும் அவளுடையவைதான். போன மழையில் கணவன் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொள்ள, பாப்பாவைச் சாப்பாட்டு மேஜைமேல் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு நாள் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். தெரு உயரத்தில் இருந்ததால் ஊற்றியதெல்லாம் திரும்ப உள்ளேயே வந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் வரவில்லை. எப்போது முடித்தாள், எப்படி முடிந்தது என்பது அவளுக்கு இன்றுவரை நினைவில் இல்லை. முடிந்ததா என்பதே இப்போது சந்தேகமாக இருந்தது.

எழுந்தாள். அக்காவுக்குப் போன் போட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே வருகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் வேலை நடக்கிறது, ஒரே தூசி என்றாள். இரண்டு பையில் துணியை அடைத்தாள். வேனிலிருந்து இறங்கிய பாப்பாவை, செருப்பைக் கழற்றாதே, வாசல் பக்கமே நில்லு, அஞ்சு நிமிஷத்தில் கிளம்பலாம் என்று நிறுத்தினாள். கம்ப்யூட்டரை மூடப் போனபோது ஒரு அழைப்பு வந்து விழுந்தது. விழுந்த அழைப்பை எடுக்காவிட்டால் மேலதிகாரி கேட்பார். இந்த ஒன்றை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

ஒரு மாதமாக ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, ஏழு முறை புகார் கொடுத்தாயிற்று என்று ஓர் அம்மாள் கத்தினாள். நீங்கள் யாருமே எழுதிக்கொள்வதில்லை என்றாள். நாங்கள் மனுஷர்கள்தானே என்றாள். இவள் மன்னிப்புக் கேட்டாள். மறுபடி கேட்டாள். எண்ணைப் பதிவு செய்தாள். அப்போதுதான் கவனித்தாள்.

சரக் நின்றிருந்தது.

அதற்குப் பதிலாகக் காலடி. சின்னக் காலடி. சமையலறைப் பக்கமிருந்து வாசலுக்கு. வாசலில் தண்ணீர் கொட்டும் சளக். திரும்பவும் காலடி.

ஹெட்போன் கழுத்தில் தொங்க, எழுந்து வந்தாள்.

பலகை சுவரில் சாத்தியிருந்தது. குழியருகே பாப்பா குந்தியிருந்தாள். பள்ளிச் சீருடை நனைந்திருந்தது. குழியின் விளிம்பிலிருந்து முழங்கைவரை ஒரு கை மேலே நீண்டிருந்தது. தண்ணீரிலேயே கிடந்து வெளுத்து ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிய கை. மணல் ஒரு பொட்டும் ஒட்டவில்லை. நிறைந்த மக்கை அது நீட்டியது. பாப்பா வாங்கினாள். வாசலுக்கு நடந்துபோய்க் கவிழ்த்தாள். வந்து வெறும் மக்கைக் கொடுத்தாள். கை கீழே போயிற்று. நிறைத்துக்கொண்டு வந்தது.

ஹெட்போனில் அந்த அம்மாள் ஹலோ, ஹலோ என்றாள்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். எதிரே நிற்பது யார் என்று யோசிக்கிற பார்வை.

“அம்மாவுக்குக் கை வலிக்குதாம்,” என்றாள். “தனியா முடியலையாம்.”

“பாப்பா. இங்க வா.”

பாப்பா வரவில்லை. மக்கைக் குழிக்குள் நீட்டினாள். ஈரக் கை மேலே வந்தது. இந்தத் தடவை அது மக்கை வாங்கவில்லை. தடவிப் பார்த்து, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக, வலிக்காமல், விழாமல் இறக்கிவிடுகிற பிடியாக.