இருபது விநாடிக்கு அப்புறம்...

"எம் பிள்ளையக் காணலியே...!"

பிரின்ஸிபல் அறையிலிருந்து வந்த அலறலில் வராந்தாவே திடுக்கிட்டது.

கதவோரம் நின்றிருந்த ஷிஜா தன் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அலறியவள் ஞானபாய். சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் மாவாட்டுகிறவள். அவள் மகள் ஜெபமலர், ஷிஜாவோடு ப்ளஸ் டூ படிக்கிறவள். காலை எட்டு மணிக்குக் கிளம்பியவள் வகுப்புக்கு வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்!

இப்போது மணி பதினொன்று.

"கரயண்டா அம்மே... போலீஸ் வந்நல்லோ," என்று அவள் அழுகையைத் தேற்றப் பார்த்தார் பிரின்ஸிபல் சிஜி.

எஸ்.ஐ. ராகேல் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எல்லையோரப் பாறசாலைக்காரி. தமிழ், மலையாளம் இரண்டும் தண்ணீர் பட்ட பாடு.

"வீட்டுல சண்டையாம்மா?"

"இல்லம்மா. நேத்து போன வச்சிக்கிட்டு அழுதா. என்னட்டின்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டா..."

சிஜி தயக்கத்தோடு தன் போனை நீட்டினார்.

இணையத்தில் 'பாண்டி எஃப்.எம்.' என்று ஒரு பக்கம். பாண்டி என்றால் மலையாளிகள் வாயில் தமிழர்களுக்கு வைத்த கேலிப் பெயர். அதில் இருபது விநாடி ஆடியோ. பின்னணியில் குத்துப்பாட்டு மேளம், கெக்கெக்கே என்று சிரிப்பு. நடுவில் ஜெபமலரின் அழுகை!

"வாயத் தெறந்தாலே பாண்டி பாண்டின்னு சிரிக்காளுவ... எனக்கு இங்க படிக்கவே பிடிக்கல..."

நானூறு பேர் கேட்டிருந்தார்கள்.

"யாரு போட்டது?"

"அறியில்லா மேடம். ஃபேக் ஐடியாணு."

அந்த ஃபேக் ஐடி கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தது!

ஷிஜாவும் தமிழ்ப் பெண்தான். அப்பா ராஜையனுக்கு ஆரியசாலையில் ஹார்டுவேர் கடை. ஆனால் இந்த மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் வார்த்தை? மூச்! ஜூனில் புதிதாகச் சேர்ந்த ஜெபமலர், "நீயும் தமிழா!" என்று காதோடு கேட்டுக் கையைப் பிடித்தபோதே இவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஊர் சிரிப்பு தன் பக்கம் திரும்புவதற்குள் அதை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். பாவி!

ஞானபாய் அவளைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கையைப் பற்றினாள்.

"நீ ஷிஜாதானம்மா? இங்க எனக்குன்னு இருக்கது ஷிஜா மட்டுந்தான்னு சொல்லுவாளே... ஒனக்குத் தெரியாதா எங்க போனான்னு?"

தெரியும்.

அதுதான் கொடுமை. அந்த இணையப் பக்கத்தில் போட்டது இருபது விநாடி. முழு ரெக்கார்டிங் இரண்டு நிமிடம். மிச்சம் ஷிஜாவின் போனில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். காட்டினால் டி.சி., கேஸ், அப்பாவின் முகம்...

ஆனால் ஜெபமலர் செத்துக்கித்துப் போய்விட்டால்?

"மேடம்... நான்தான் போட்டேன். மிச்சமும் எங்கிட்ட இருக்கு!"

சிஜி வாயைப் பிளந்தார்.

"ஷிஜா... நீ தமிழாணோ?"

"அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அவ எம்போன வாங்கித்தான் பேசுனா மேடம். இதுல கால் தானா ரெக்கார்ட் ஆயிரும்."

மிச்ச ரெக்கார்டிங்கைத் தட்டினாள்.

"...இன்னும் ஒருநா சிரிச்சாளுவன்னா கல்லாத்துக்கு வந்துருவேன் அத்தே. அந்தப் பாறையில ஏறி நின்னாத்தான் எனக்கு நிம்மதி..."

"எங்க கல்லாத்து நாத்தனாரா!" ஞானபாய் மார்பில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசமா பேச்சுவார்த்தையே இல்லியே!"

ராகேல் அந்த அத்தை நம்பருக்கே போன் போட்டாள். பேசினாள். முகம் இருண்டது.

"அங்க வரலியாம். ஆத்துப்பக்கம் தேடச் சொல்லியிருக்கேன்."

ஞானபாய் ஷிஜாவை அடிக்கவில்லை. திட்டவில்லை. பற்றியிருந்த கையை மெல்ல விட்டுவிட்டாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்!

"கொன்னுட்டேன் மேடம்... நான்தான் கொன்னுட்டேன்..." ஷிஜா தேம்பினாள்.

ராகேலின் போன் அலறியது.

"யெஸ்... எந்தா? எப்ப?... சரி!"

கட் செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உயிரோட இருக்கா!"

"ஏசப்பா!" என்று ஞானபாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறும் இல்ல, பாறையும் இல்ல. ஒம்பது மணிலேர்ந்து சைபர் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கா. ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் தேதி, நேரத்தோட எடுத்து, போனையும் சாட்சியா ஒப்படைச்சிட்டா. வீட்டுக்குச் சொல்லிரக் கூடாதுன்னு வயசு பதினெட்டுன்னு பொய் சொல்லியிருக்கா. இப்பதான் அம்மா நம்பரக் குடுத்தா."

ஷிஜா கண்ணைத் துடைத்தாள். உயிர் வந்தது. கூடவே புத்தியும் வந்தது.

"மேடம்... போட்டது யாருன்னு... அவளுக்குத் தெரியாதுல்ல?"

ராகேல் சிரித்தாள்.

"யாரு போன்ல பேசுனோம்னு மறந்தா போவா? கேட்டவொடனே தெரிஞ்சிருக்கு! ஆனா பேரு மட்டும் சொல்லமாட்டாளாம். 'அவளே வந்து சொல்லுவா'ன்னு ரெண்டு மணி நேரமா அடம்!"

ஷிஜாவின் தலை கவிழ்ந்தது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

ராகேல் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"கெளம்பு மோளே. புகார்ல எதிரி பேரு எழுதுற எடம் மட்டும் காலியா கெடக்காம். கையெழுத்து நல்லா இருக்கும்ல?"