கூரையில் விழாத பல்

ஓட்டுக் கூரையில் எறிந்த பல் சத்தம் போடும். எவ்வளவு சின்னப் பால்பல்லாக இருந்தாலும், சாணியில் பொதிந்து எறிந்தால் முதலில் பொத்தென்று ஒரு சத்தம், பிறகு சாணி சிதறிப் பல் மட்டும் ஓடு ஓடாகத் தத்தி ஏதோ ஒரு இடுக்கில் போய் நிற்கிற சத்தம். சின்ன வயதில் பொன்னம்மை அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் அன்று அந்தி மயங்குகிற நேரத்தில், அடுக்களை முற்றத்தில் நின்று மகள் செல்லக்கனி வீசிய பல் மேலே போனதைப் பார்த்தாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை.

காற்றில்லை, மழை இன்னும் தொடங்கவில்லை, தென்னை ஓலைகூட அசையாமல் நின்றது. வட்டக்கோட்டைப் பக்கமிருந்து வரும் கடல் இரைச்சல் மட்டும் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னம்மை காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், கிடக்கட்டும், எங்காவது விழுந்திருக்கும் என்று பிள்ளையின் கையையும் தன் கையையும் கழுவினாள்.

வீட்டுக்குள் பெரிய மாமா செத்துக் கிடந்தார். அவள் கணவன் சுயம்புவின் பெரியப்பா, வைகுண்டராஜன் என்று பெயர். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர், தம்பி மகன் வீட்டோடேயே காலத்தை ஓட்டியவர். கருப்பட்டி லோடோடு கொல்லம் போயிருந்த சுயம்பு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று விடியற்காலை முதல் நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். வந்த சனமெல்லாம் முன்வாசல் பந்தலில் இருந்தது.

சாவு வீட்டிலிருந்து பல் பிடுங்கப் போவார்களா என்றால், போவார்கள், பெற்றவளாக இருந்தால். செல்லக்கனியின் கன்னம் வீங்கி, ஈற்றில் சீழ் வைத்து, பிள்ளை ராப்பகலாக அழுதுகொண்டிருந்தது. பட்டாளத்தில் காயத்துக்கு மருந்து கட்டிவிட்டு வந்த டிரஸ்ஸர் கபிரியேல் சந்தை நாளில் மட்டும்தான் அந்த ஊருக்கு வருவார். அந்த நாளை விட்டால் அடுத்த சந்தை வரைக்கும் பிள்ளை தாங்காது. பொன்னம்மை முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு பின்வழியாகப் போய், கொறடு போட்டுப் பிடுங்கி, பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள். பிடுங்கிய பல் ராத்திரி வீட்டுக்குள் தங்கக் கூடாது, பொழுது அடையுமுன் சொந்தக் கூரையில் எறிந்தாக வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த விஷயம். பிணம் கிடக்கும் கூரையில் எறியலாமா என்பது தெரியாத விஷயம். சாவும் பல்லும் ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு வந்ததாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

எறியும்போது பிள்ளை சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தாள். “பழைய பல்ல எடுத்துக்கோ, புதுப் பல்லத் தா.” எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். யாரிடம் சொல்கிறோம் என்று யாரும் யோசித்ததில்லை.

உள்ளே வந்து விளக்கைத் தூண்டியபோதுதான் கவனித்தாள். பெரிய மாமாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்து, வாய் திறந்து கிடந்தது. பல்லே இல்லாத வாய். நடுவயதிலேயே மொத்தமும் கொட்டிப்போய், வெற்றிலையை இடித்து வாயிலிட்டு, சோற்றைக் குழைத்து விழுங்கிக் கிடந்த மனிதர். பிள்ளை தேங்காய்ச் சில்லைக் கடிப்பதை அவர் பார்க்கிற பார்வையில் அப்படி ஒரு ஏக்கம் இருக்கும். ஊதுவத்திப் புகையையும் மீறி ஒரு வாசனை வந்தது. கீழுதட்டில் பச்சையாக, ஈரமாக, ஒரு தீற்று. சாணி.

என் கையில் இருந்ததுதான் பட்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். முந்தானையால் அதைத் துடைத்து, துணியை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகு கையைப் பார்த்தாள். கழுவிய கை சுத்தமாகத்தான் இருந்தது.

சுயம்பு மறுநாள் காலை வந்தான். அவர்கள் குடும்ப வழக்கப்படி பெரிய மாமாவைச் சம்மணமிட்டு உட்கார வைத்து, வடக்கே முகம் பார்க்க, வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பாகக் கிடந்த விளையிலேயே அடக்கம் செய்தார்கள். பதினாறு கழிந்ததும் அவன் மறுபடி லோடோடு கிளம்பிவிட்டான். திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்த வருஷத்து ஐப்பசி அது. மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு செல்லக்கனியின் அடுத்த பல்லும் ஆடியது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடாமல் யாருக்கு ஆடும் என்று பொன்னம்மை தைரியமாகத்தான் கூட்டிப் போனாள். கபிரியேல் கொறட்டை வைத்தார். இழுக்கவே இல்லை, பல் கையோடு வந்தது. பஞ்சில் ரத்தம் இல்லை. பிள்ளையும் அழவில்லை. பல்லை முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் பொன்னம்மை. முடிச்சை அவிழ்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. துணி மட்டும் நனைந்திருந்தது, பிள்ளை வாயில் வைத்துச் சப்பிய துணியைப்போல.

வழியில் விழுந்திருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்ததும் அப்படித்தான் போனது. அதற்கடுத்ததும்.

பல் போன இடத்தில் முளை தெரியவில்லை. ஈறு சேர்ந்து, வழுவழுப்பாக, கெட்டியாகிப்போனது. அந்த மாதிரி ஈற்றை அவள் ஏற்கெனவே தொட்டிருக்கிறாள். தாடைத் துணியை இறுக்கிய அன்று விரலில் பட்டது அதுதான்.

தினமும் அந்தியில், மழை கொஞ்சம் விடும் நேரத்தில், விளைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. கறுக், கறுக். நிறுத்தி, மறுபடி கறுக். மரநாய் இளநீர்க் குரும்பையைக் கரம்புகிறது என்று பொன்னம்மை அடுக்களைக் கதவைச் சாத்தினாள். செல்லக்கனி கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“மரநாய் இல்லம்மா. பெரிய பாட்டா தேங்கா கடிக்காவ.”

பொன்னம்மை கதவின் தாழையும் போட்டாள். “சும்மா கிட ஏட்டி” என்றாள்.

அடுத்த சந்தைக்குப் போனபோது கபிரியேல் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். பால்பல் மட்டுமல்ல, இனி விழவே விழாது என்று புதிதாக முளைத்திருந்த கடைவாய்ப் பல்லும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கொறட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிடுங்கியவர், பொன்னம்மையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“நான் புடுங்கல்ல பிள்ள. நான் தொடுகதுக்கு முந்தியே அங்க ஆரோ இழுக்காவ. எனக்குக் கையில தெரியுது. இனி இங்க கொண்டு வராத.”

அதற்குப் பிறகு பிள்ளை சோறு தின்னவில்லை. கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்து, தூங்கும்போது பார்த்தால் கிழவனின் முகம். கை கால் குச்சியாகிவிட்டது. பொன்னம்மைக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கடைசிப் பல்லும் போனால் பிள்ளை போய்விடும். கொல்லத்திலிருந்து சுயம்பு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்றால், என்னவென்று சொல்வது? ‘எடுத்துக்கோ’ என்று பெரிய மாமாவுக்கு அறியாமல் கொடுத்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான். ஒரே ஒரு பல்லையாவது கொண்டுவந்து பிள்ளையின் ஈற்றில் வைத்தால்கூடப் போதும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் மதியம் மழை நின்றது. வெயில் வரவில்லை. வானம் தாழ்ந்து, விளை முழுக்கச் சாம்பல் வெளிச்சம். பிள்ளையை அடுக்களையில் சாக்கின் மேல் படுக்க வைத்துவிட்டு, மண்வெட்டியோடு இறங்கினாள். நனைந்த மட்டைகள் காலடியில் நசுங்கின. அழுகிய குரும்பை வாசனை. காக்கை ஒன்றுகூட இல்லை.

மண்வெட்டிக்கு வேலையே இருக்கவில்லை. அது மணல் பூமி. மழைத் தண்ணீர் குழிமேட்டை அரித்து அரித்து நடுவில் பள்ளமாக்கியிருந்தது. படுக்க வைத்த பிணமென்றால் ஆழத்தில் கிடக்கும். உட்கார்ந்த பிணத்துக்குத் தலை மேலே. மணலுக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. தலையில் கட்டிய துணி.

சுற்றிலும் தேங்காய் ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னச் சின்னப் பல் தடம்.

மண்டியிட்டாள். கையால் மணலைத் தள்ளினாள். ஈர மணல், குளிர்ந்த மணல். நெற்றி வந்தது. கண் இருந்த இடத்தில் மணல் அடைத்திருந்தது. மூக்கு இல்லை. நாற்றம் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் தள்ளினாள்.

வாய்.

முகம் முழுக்க அழுகியிருந்தது, வாய் மட்டும் அழுகவில்லை. ஈறு சிவப்பாக இருந்தது. குழந்தையின் ஈறு. ஈரமாக, உயிரோடு. அதில் வரிசையாகப் பால்பற்கள். வெள்ளை வெளேரென்று. இடுக்குகளில் தேங்காய்த் துணுக்கு.

பயம் ஒரு பக்கம். அதற்கு மேல் ஆத்திரம். இது என் பிள்ளையின் சிரிப்பு. இவருக்கு என்ன உரிமை?

“தாங்க மாமா” என்றாள். “பிள்ளைக்கு வேணும்லா.”

வாய்க்குள் விரலை விட்டாள். சூடாக இருந்தது.

முன்பல்லைப் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. அடுத்ததை ஆட்டினாள். ஆடவில்லை. நன்றாக வேர் பிடித்திருந்தது. கையை இன்னும் உள்ளே கொடுத்தாள். கடைவாய் வரைக்கும். அங்கே ஒரு இடம் காலியாக இருந்தது. தடவினாள். விரலுக்கு அடியில் ஈறு பிளந்தது. கூராக ஏதோ ஒன்று மேலே வந்தது.

அடுக்களை வாசலிலிருந்து செல்லக்கனி கூப்பிட்டாள். காற்றுபோன, குழறலான குரல்.

“அம்மா. கடைசியும் போச்சு.”

பொன்னம்மை கையை இழுத்தாள்.

வரவில்லை.

பால்பற்கள் அவள் விரல்களின் மேல் வந்து அமர்ந்தன. முதலில் வலிக்கவில்லை. பிறகு வலித்தது. மணல் சரிந்து விழுந்தது. தாடை அசைந்தது, மேலும் கீழும், அவசரமே இல்லாமல்.