வெள்ளை லேபிள் இசைத்தட்டு

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பத்தரை. கங்காதரன் ஒரு கையில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டியையும், மறு கையில் ஊசி டப்பாவும் துடைக்கிற துணியும் வைத்த பையையும் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தர் கல்லறையைத் தாண்டிப் படகுத்துறைக்கு நடந்தார். வாசல் தூண்களில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனசு அவருக்கு முன்னாலேயே ஏரியைத் தாண்டிப் பசியாவரம் போய்விட்டிருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம். சென்னையில் ஒரு கல்லூரியில் அவர் இயற்பியல் ஆசிரியர். அது பிழைப்புக்கு. மற்றபடி அவர் உயிரெல்லாம் கிளிஃபர்ட் ரெபெய்ரோவிடம்தான் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் மெட்ராஸ் ஓட்டல்களில் ஜாஸ் பேண்டு நடத்தியவர், ட்ரம்பெட் ஊதியவர். அவருடைய இசைத்தட்டுகளைக் கங்காதரன் இருபத்திரண்டு வருஷமாகத் தேடிச் சேர்த்தார். மூர் மார்க்கெட் கடைகளில், பெரம்பூர் வீடுகளின் பரண்களில், ஒருமுறை ஒரு கோழிக்கூண்டுக்கு மூடியாக. சேர்ப்பதோடு விடமாட்டார். ஒவ்வொன்றையும் பத்து தடவை கேட்டு, எந்தப் பதிவு உசத்தி, எங்கே ட்ரம்ஸ் பின்தங்குகிறது, எந்த அச்சு தேய்ந்தது என்று நோட்டில் எழுதித் தரம் பிரிப்பார்.

அந்த நோட்டுகளைப் புத்தகமாகப் போட ஆலந்தில் ஒரு ஜாஸ் சங்கம் முன்வந்திருந்தது. புத்தகத்தின் நடுநாயகமான அத்தியாயம், 'கோரமாண்டல் ஷஃபிள்' என்ற மெட்டில் வருகிற ட்ரம்பெட் தனி வாசிப்பைப் பற்றியது. வேறு எந்தத் தட்டிலும் ரெபெய்ரோ அப்படி ஊதியதில்லை. அது ஏன் என்ற கேள்வி கங்காதரனுக்கும் வந்ததுண்டு. மேதைக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று எழுதி அந்தக் கேள்வியை மூடிவிட்டிருந்தார்.

பேப்பரில் அவர் கொடுத்த விளம்பரத்துக்குப் பதிலாக வந்தது அந்தக் கடிதம். யாரோ வாத்தியாரைக் கொண்டு எழுதியிருந்தார்கள். 'என் அண்ணன் மாணிக்கம் ரெபெய்ரோ துரையிடம் வேலை செய்தவன். வெள்ளை லேபிள் ஒட்டின தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. விற்க அல்ல. வந்து கேட்டு, அதில் ஊதுவது யார் என்று சொல்ல வேண்டும். இருசம்மாள்.'

வெள்ளை லேபிள் என்றால் விற்பனைக்கு முன் அழுத்திப் பார்க்கிற மாதிரித் தட்டு. உலகத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கங்காதரனுக்கு அதற்குப் பிறகு மூன்று நாள் தூக்கம் வரவில்லை.

படகை வடிவேலு என்பவன் கழி ஊன்றித் தள்ளினான். நாற்பது வயது இருக்கும், பேசாத ஆள். காற்றே இல்லை. ஏரி ஈயத்தை உருக்கி ஊற்றினதுபோல் கிடந்தது. இருசம்மாள் வீடு என்றதும் மட்டும் அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சார், தட்டு கேக்கவா? போன வருசமும் ஒருத்தர் வந்தாரு. திரும்பசொல்ல படகுல ஒரு வார்த்தை பேசல."

இருசம்மாள் வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயதுக்கு மெலிந்து, நிமிர்ந்து நின்றாள். உள்ளே அழைத்துப் பாய் போட்டாள். சுவரில் படம் எதுவும் இல்லை. உப்பும் மீனும் காய்ந்த வாடை, ஓலை இடுக்கில் விழுந்த வெயில், வேறு ஒன்றும் இல்லை.

"உங்க அண்ணன் பேண்டுல இன்னா வேலை பாத்தாரு?" என்று அவள் பேச்சிலேயே கேட்டார் கங்காதரன்.

"ஊதனான் சார். ராயபுரத்துல கல்யாண பேண்டுல சேந்து கத்துக்கினான். அங்கேந்து துரை இட்டுக்கினு போனாரு. முப்பத்தொம்போதுல இந்தத் தட்டை எடுத்தாந்து எங்க நைனா கைல குடுத்தான். இதுல என் பேரு போடுவாங்கன்னான். அடுத்த மாசம் துரை வாத்து சுட இங்க வந்தாரு. அண்ணன்தான் படகு தள்ளிக்கினு போனான். துரை மட்டும் திரும்பி வந்தாரு."

"அப்புறம்?"

"மாணிக்கம் அவரு ட்ரம்பெட்டைத் திருடிக்கினு முகத்துவாரத்துப் பக்கம் எறங்கி ஓடிட்டான்னு போலீசுல எழுதிக் குடுத்துட்டாரு. பொணம் கெடைக்கல. அதனால ஓடிட்டான்னே ஊரும் சொல்லிச்சு. எங்க அம்மா தலை நிமிராமலே செத்துது. எனக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்னு போச்சு. முப்பத்தொம்போது வருசமா இந்த ஊர்ல நான் திருடன் தங்கச்சி."

அவள் அழவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள்.

தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வெள்ளை லேபிளில் பென்சிலால் எழுதியிருந்தது: 'ஷஃபிள். இரண்டாம் பதிவு. எம்.' ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில். ரெபெய்ரோவின் கையெழுத்தைக் கங்காதரனுக்குத் தன் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். 'எம்' என்றால் என்ன என்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

புது ஊசி மாட்டினார். சாவி கொடுத்தார். உச்சி வெயில் நேரம். வெளியே காக்கைச் சத்தம்கூட இல்லை.

பேண்டு எழுந்தது. கடைகளில் விற்ற முதல் பதிவைவிட வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் எத்தனை இறுக்கம்! கங்காதரனின் கண்கள் தாமாக மூடின. தனி வாசிப்புக்கு முந்தின கணம் எல்லாரும் நிறுத்தினார்கள். யாரோ பலமாக மூச்சு இழுத்தார்கள். ரெபெய்ரோவின் குரல், தட்டின் ஆழத்திலிருந்து, உற்சாகமாகக் கத்தியது.

"கமான், மாணிக்கம்!"

அதன்பின் ட்ரம்பெட் வந்தது. அவர் இருபத்திரண்டு வருஷம் கும்பிட்ட அதே வாசிப்பு. அதே நாக்கு, அதே உதடு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பாட்டு முடிந்தது. ஊசி கடைசிப் பள்ளத்துக்குள் போய்ச் சுற்றியது. கீச், கீச் என்ற சத்தம்தான் வர வேண்டும்.

தண்ணீர்ச் சத்தம் வந்தது.

மரத்தில் மோதுகிற சின்ன அலை. கழி சேற்றில் ஊன்றி, உருவி, மறுபடி ஊன்றுகிற சத்தம். கங்காதரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஏரி அசையாமல் கிடந்தது.

சத்தம் தட்டிலிருந்துதான் வந்தது.

"பேரை மட்டும் போட்டுடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்." ஒரு இளைஞனின் குரல். மெதுவாக, கெஞ்சலாக.

கட்டை மண்டையில் இறங்குகிற சத்தம். தண்ணீர் பிளந்தது.

"சார். கை குடுங்க சார்."

மறுபடி கட்டை.

கங்காதரன் பாய்ந்து ஊசியைத் தூக்கினார். தட்டைக் கையால் அழுத்தி நிறுத்தினார்.

தட்டு நின்றது. சத்தம் நிற்கவில்லை.

நீருக்கடியில் குமிழி விடுகிற சத்தம். அதற்கு மேலே, படகில் உட்கார்ந்து, யாரோ நிதானமாக மெட்டு முணுமுணுத்தார்கள். ரெபெய்ரோ. ஷஃபிளின் தனி வாசிப்பைத்தான் முணுமுணுத்தார். மூன்றாவது அடியில் இடறினார். திரும்ப ஆரம்பித்தார், திரும்பவும் அங்கேயே தப்பாகப் போனார். அதை ஒருநாளும் வாசித்திராதவன் பாடுகிற மாதிரி.

குமிழிகள் நின்றன.

அப்புறம், கங்காதரனின் காதுக்கு மிக அருகில், ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது. ஈரமாக. நீளமாக. அது வெளியே வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. இருசம்மாள் எதிரில் குந்தி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா சார்?"

அவருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். செத்துப்போனவனின் நினைப்பு வரவில்லை. அச்சுக்குப் போயிருக்கிற நூற்றெண்பது பக்கங்களின் நினைப்பு வந்தது. ஆலந்திலிருந்து வந்த கடிதம் நினைவுக்கு வந்தது. ரெபெய்ரோ இல்லையென்றால் கங்காதரன் யார்?

"வெறும் இரைச்சல்மா. தட்டு பழசு."

"ஊதறது?"

"ரெபெய்ரோதான்."

"பேர் சொல்லிக் கூப்புடறாரே சார்."

"வேற எதோ சொல்றாரு. இங்கிலீஷு."

அவள் எழுந்து கிராமபோன் அருகே வந்தாள். பிறகு தட்டை எடுத்துத் துணியில் சுற்றி அவர் மடியில் வைத்தாள்.

"எடுத்துக்கினு போங்க. முன்ன வந்தவருக்கும் கேட்டுச்சு. அவரும் இதையேதான் சொன்னாரு. ஆனா அவரு கை நடுங்கிச்சு. உங்க கை நடுங்கல."

திரும்பும் வழியில், நடு ஏரியில், கங்காதரன் துணியை அவிழ்த்தார். தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே அபூர்வமான தட்டை, ஓரம் பிடித்து, நீரில் நழுவ விட்டார். அது சாய்ந்து சாய்ந்து இறங்கி, கலங்கலில் மறைந்தது. வடிவேலு கழி ஊன்றுவதை நிறுத்தி, பார்த்துவிட்டு, மறுபடி ஊன்றினான்.

புத்தகம் வந்தது. பாராட்டு வந்தது. கல்லூரியில் மாலை போட்டார்கள். ஒரு வானொலி நிலையத்தில் அவரைக் கூப்பிட்டு அரைமணி நேரப் பேட்டி பதிவு செய்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒலிப்பதிவாளர் சகாதேவன் கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க சார், பதிவை மறுபடி எடுக்கணும்" என்றார். "அன்னிக்கு அறையில நீங்களும் பேட்டி எடுத்த அம்மாவும் மட்டும்தானே இருந்தீங்க?"

"ஆமாம்."

"ட்ரம்பெட்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும், சொல்றதுக்கு முன்னாடி யாரோ மூச்சு இழுக்கறாங்க. உங்க மூச்சுன்னு நினைச்சேன். அது இல்லை. அந்த மூச்சு கேக்கறப்பவே நீங்க பேசிக்கிட்டுதான் இருக்கீங்க."

அவர் நாடாவை ஓட்டிக் காட்டினார். கங்காதரன் பாதியில் எழுந்து போய்விட்டார்.

வீட்டில் தம் தட்டுகள் எதையும் அவரால் கேட்க முடியவில்லை. எதைப் போட்டாலும் இசைக்கு முன்னால் அந்த மூச்சு. இசை வராது. மூச்சு இழுத்தபடியே நிற்கும், மூன்று நிமிஷமும். மாசக்கணக்கில் இப்படிப் போனது. கடைசியில் அவர் உட்கார்ந்து ஆலந்துக்கு எழுதினார். அந்த வாசிப்பு ரெபெய்ரோவுடையது அல்ல, மாணிக்கம் என்ற மீனவனுடையது, அவனை ரெபெய்ரோ கொன்றார், என் புத்தகம் பொய் என்று ஒன்று விடாமல் எழுதினார்.

பதில் மரியாதையாக வந்தது. 'அதிர்ச்சி தரும் செய்தி. இரண்டாம் பதிவின் தட்டை அனுப்புங்கள். கேட்டு மதிப்பிட்ட பின் திருத்தம் வெளியிடுகிறோம்.'

அந்தக் கடிதத்தோடுதான் அவர் மறுபடியும் பசியாவரம் போனார். இந்தத் தடவை கிராமபோன் எடுத்துப் போகவில்லை. பகல் இரண்டு மணி. இருசம்மாள் வாசலில் வலையிலிருந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. உடம்புகூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டதை, பொய் சொன்னதை, தட்டை ஏரியில் போட்டதை.

"ஊரைக் கூட்டுங்கம்மா. எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன்."

"இன்னான்னு சொல்லுவீங்க?" அவள் கை நிற்கவில்லை. "அன்னிக்கு இல்லைன்னீங்க, இன்னிக்கு ஆமான்றீங்க. தட்டைக் காட்டுன்னு கேப்பாங்க. எடுத்துக் குடுப்பீங்களா?"

அவர் ஆலந்துக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"நான் முப்பத்தொம்போது வருசம் அதைக் கேட்டுக்கினே கெடந்தேன் சார். தட்டு ஓடலைன்னாலும் கேக்கும். சோறு வடிக்கசொல்ல கேக்கும், படுக்கசொல்ல கேக்கும். நீங்க போன அன்னிலேந்து கேக்கல. நல்லாத் தூங்கறேன்."

"அப்படின்னா..."

"போங்க சார்" என்றாள் இருசம்மாள், தாழ்ந்த குரலில். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. "திரும்ப அவனை இங்க இட்டுக்கினு வராதீங்க."

அவர் துறைக்கு நடந்தார். வடிவேலு படகைக் கரையோடு ஒட்டிப் பிடித்தான். கங்காதரன் ஏறி, நடுப்பலகையில் சரியாக மத்தியில் உட்கார்ந்து, இரு கையாலும் பலகையைப் பற்றிக்கொண்டார். வேறு யாரும் ஏறவில்லை. கரையில் ஆளே இல்லை.

வடிவேலு கழியை ஊன்றினான். படகு நகர்ந்து ஆழத்துக்கு வந்ததும் இடது பக்கமாகச் சாய்ந்தது. விளிம்புக்கும் நீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. அவன் சாய்வைப் பார்த்தான், கங்காதரனைப் பார்த்தான், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பலகையைப் பார்த்தான். பலகை நனைந்து கறுத்துக்கொண்டே வந்தது.

அவன் கழியை எடுத்துக்கொண்டு வலது ஓரத்துக்கு நகர்ந்து, தன் முழு எடையையும் அங்கே போட்டு நின்றான். படகு மெல்ல நேரானது.

கரை வரைக்கும் அவன் அந்த ஓரத்தை விட்டு அசையவில்லை.