வெள்ளையாய் வந்த வாக்குகள்

பெட்டியைக் கவிழ்த்ததும் சீட்டுகள் மேசை முழுக்கச் சரிந்தன. வரலாற்று மிஸ் முதல் சீட்டைப் பிரித்தார். கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்தார். ஐந்தாவது சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு மிஸ்?" என்றான் மைக்.

"யாருக்கும் இல்ல."

இரண்டு வேட்பாளர்களின் பெயர்களும் அச்சில் தெளிவாக இருந்தன. பின்பக்கம் பள்ளி முத்திரையும் இருந்தது. டிக் போட வேண்டிய கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றையும் பிரித்து முடித்தபோது பாதிக்கு மேல் அப்படித்தான் கிடந்தன.

நேற்று மாணவர் தலைவர் தேர்தல். இன்று முதல் மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் எண்ணிக்கை. போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். பன்னிரண்டாம் வகுப்பு மைக்குக்கு ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. அதனால் அந்தப் பெயர். எதிரில் பதினோராம் வகுப்பு அக்கா. எண்ணும்போது வேட்பாளரோடு ஒரு சாட்சியும் இருக்கலாம். அக்காவின் சாட்சி அவள் தங்கை. ஒன்பதாம் வகுப்பு, வீட்டிலும் பள்ளியிலும் எல்லோருக்கும் அவள் சின்னவள். அக்காவின் உயிர்த்தோழி அடிக்கோல்தான் சாட்சியாக வந்திருக்க வேண்டும். ஆனால் எதையும் கோடு போட்ட மாதிரி செய்கிற அவளை மிஸ் தேர்தல் குழுவில் போட்டுவிட்டார்.

சின்னவள் சீட்டுகளை மறுபடி பார்த்தாள். நேற்று அவளே அல்லவா டிக் போட்டாள்? ஓவிய அறையின் இடது தடுப்புக்குப் பின்னால், நூலில் கட்டிய பேனா. வாலில் தடியாக டேப் சுற்றியிருந்ததால் பிடிக்கவே அசௌகரியம். ஆனால் எழுத்து வழுக்கிக்கொண்டு போனது. அந்த டிக் எங்கே போயிற்று?

தலைமையாசிரியர் வந்தார். தகரப் பெட்டியைத் தூக்கி, மூடியில் வைத்திருந்த சிவப்பு அரக்கு முத்திரையைப் பார்த்தார். அரக்கு ஒரு பக்கமாக நாக்கு நீட்டின மாதிரி வழிந்து உறைந்திருந்தது.

"இதைப் பாத்தீங்களா? உருக்கித் திறந்து, மறுபடி ஒட்டியிருக்காங்க. ராத்திரி பெட்டி எங்க இருந்துது?"

"நூலகத்துல பூட்டி வச்சேன் சார்."

"மிச்சச் சீட்டு? முத்திரைக்கட்டை?"

"அதுவும் அங்கதான்."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு..." மிஸ் நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். இடைவேளைகளில் நூலகத்தில் புத்தகம் அடுக்குவது அக்காவின் வேலை. இன்னொரு சாவி அவள் பையில்.

"காலைல நூலகத்துக்குப் போனியா?"

"போனேன் சார்."

"எதுக்கு?"

"பயமா இருந்துது. அங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்தா அடங்கும்னு."

தலைமையாசிரியர் பெட்டியைக் கீழே வைத்தார். 

"சார்," என்றாள் சின்னவள், குரல் பாதியில் கீச்சிட்டது, "அக்காவே எதுக்கு சார் ஓட்டை வெள்ளையாக்கணும்? அவளுக்குத்தானே நஷ்டம்?"

"பாதிக்கு மேல செல்லாத ஓட்டுன்னா மறுதேர்தல். பிரசார மேடையில பாதிப் பேச்சுல நின்னுபோன உங்க அக்காவுக்கு அது லாபம்தானே?" என்றார் தலைமையாசிரியர்.

கதவோரம் குழு உறுப்பினராக நின்றிருந்த அடிக்கோல் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "'இன்னொரு தடவை நடந்தா நல்லா இருக்கும்'னு நேத்து இவ சொன்னா சார்."

அக்கா சட்டென்று திரும்பினாள். "அது சும்மா புலம்பினதுடி!"

"சொன்னியா இல்லியா?" என்றார் தலைமையாசிரியர்.

"சொன்னேன் சார்."

"கடைசி மணி வரைக்கும் நேரம் தர்றேன். உண்மையைச் சொல்லிடு. இல்லேன்னா உன் பேரை எடுத்துட்டு, அப்பாவை வரச் சொல்லி, தேர்தல்ல ஏமாத்தினான்னு நடத்தைச் சான்றிதழ்ல எழுதுவேன். அப்புறம் எந்தக் கல்லூரி வாசல்லயும் அதைத்தான் முதல்ல படிப்பாங்க."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று சின்னவளுக்குத் தோன்றியது. அக்கா வெளுத்த முகத்தோடு வகுப்புக்குப் போய், புத்தகத்தைத் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டாள் என்று சின்னவள் பிறகு கேள்விப்பட்டாள்.

இடைவேளை மணி. சின்னவள் ஆசிரியர் அறைக்கு ஓடினாள். மிஸ் சீட்டுகளைக் காவல் காத்தபடி, குடிக்காத தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

"தொடாம பாக்கலாமா மிஸ்?"

"தொட்டே பாரு. இதுக்கு மேல என்ன கெட்டுப்போகப் போகுது?"

வெள்ளைச் சீட்டுகளைத் திருப்பிப் போட்டாள். எல்லாவற்றிலும் வட்ட முத்திரை. சதுர முத்திரை ஒன்றுகூட இல்லை. வட்டம் இடது தடுப்பில் ஓட்டுப் போட்ட கீழ்வகுப்புகளுக்கு, சதுரம் வலது தடுப்பில் போட்ட மேல்வகுப்புகளுக்கு. அப்படியென்றால் இடது தடுப்பில் போட்ட ஓட்டுகள் மட்டும் வெளுத்திருக்கின்றன. புத்தகக் கதை சொல்லிச் சொல்லி அக்கா சேர்த்து வைத்த குழந்தைகளின் ஓட்டுகள்.

குவியலுக்குள் ஒரு சீட்டு விறைப்பாக நின்றது. அதில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புகள். சின்னவள் அதை உருவி எடுத்தாள்.

அவள் வகுப்பில் ஒருவன் இருந்தான். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் கப்பல் செய்துவிடுவான், பெயரே கப்பல். நேற்று தடுப்பிலிருந்து வந்து, 'ஓட்டையும் கப்பல்லதான் அனுப்பியிருக்கேன்' என்று பீற்றிக்கொண்டான். அந்தக் கப்பலைப் பிரித்தால் இப்படித்தான் இருக்கும்.

சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கட்டத்துக்குள் மையில்லாத ஒரு பள்ளம். பேனா அழுத்திய தடம். டிக்.

"மிஸ், இதை யாரும் மாத்தல. இது நேத்து போட்ட அதே சீட்டு."

"அப்ப மை எங்கடி?"

"தெரியல. பெட்டிக்கு நேத்து என்னென்ன ஆச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்களேன்."

மிஸ் நெற்றியைத் தேய்த்தார். "ஓட்டு முடிஞ்சுது. எல்லார் முன்னாடியும் அரக்கு வச்சேன். நூலகச் சாவி என் கைப்பையில, கைப்பை இங்க. எடுக்க வந்தேன். வந்த இடத்துல ஒரு பெற்றோர் பிடிச்சுக்கிட்டார், பேசினார் பேசினார், விட்டாப் போதும்னு ஆயிடுச்சு."

"அதுவரைக்கும் பெட்டி?"

"பத்திரமாத்தான் இருந்துது. எட்டாம் வகுப்பு களிமண் கோப்பைங்க சுட்டாங்களே, ஓவிய அறையில அந்த மின்சாரச் சூளை மேல வச்சிருந்தோம். அணைச்சும் கொதிச்சுது. பெட்டியை எடுக்கும்போது எனக்கே கை பொத்துப்போகும் போல இருந்துது; துணியால பிடிச்சுத் தூக்கினேன். அந்தச் சூட்டுல எவன் வந்து கை வைப்பான்? நல்ல யோசனைன்னு நானே பாராட்டினேன்."

"யார் யோசனை மிஸ்?"

மிஸ் சொன்ன பதிலைச் சின்னவள் நம்பவில்லை. இருக்காது, என்று சொல்லிக்கொண்டாள். அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

இருந்தாலும் போய்ப் பார்த்தாள். குழு உறுப்பினர்கள் நேற்று நடந்ததை எழுதித் தர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள் அடிக்கோல்.

"என்ன சின்னவளே, அக்கா எப்படி இருக்கா?"

"சாப்பிடல."

அடிக்கோல் உதட்டைக் கடித்தாள். எழுதிய வரி பிடிக்காமல் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து வாலால் தேய்த்தாள். வரி போய்விட்டது. காகிதத்தில் துகளும் இல்லை, கறையும் இல்லை.

சின்னவள் வெளியே வந்தாள். கேள்வி கேட்காமல் அவள் ஓர் இடத்தை விட்டுப் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மதிய மணி அடித்தது. உணவகத்தின் உறைபெட்டிக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். தலைமையாசிரியர், மிஸ், மைக், அடிக்கோல், சின்னவள். உள்ளே, ஐஸ்க்ரீம் டப்பாக்களுக்கு நடுவில், கப்பல் சீட்டு.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார் தலைமையாசிரியர்.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"நான் பொறுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"நானும்தான் சார்," என்றான் மைக். "கண்ணு முன்னாடி வனிலா. இது சித்திரவதை."

சின்னவள் உறைபெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றால்? அது வெறும் கீறல் என்றால்? இன்னும் இரண்டு பாடவேளை. அதற்குப் பிறகு அப்பா வந்து இதே இடத்தில் தலை குனிந்து நிற்பார்.

மிஸ் மூடியைத் திறந்து சீட்டை எடுத்தார். பிரித்தார். நீல நிறத்தில், கொஞ்சம் கோணலாக, ஒரு டிக்.

தலைமையாசிரியர் சீட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

"அழிக்கிற பேனா சார்," என்றாள் சின்னவள். வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. "வால்ல ஒரு ரப்பர் இருக்கும். தேய்ச்சா சூடாகும். அந்த மை சூட்டுல மறைஞ்சு போயிடும். போன வருஷம் என் கணக்கு நோட்டு மேல அம்மா சூடான சாப்பாட்டு டப்பாவை வச்சு ஒரு பக்கமே காணாமப் போச்சு. நல்லா குளிர வச்சா திரும்ப வரும்னு பேனாக் கடைக்காரர் சொன்னார். வந்துது. இடது தடுப்புல மட்டும் அந்தப் பேனாவைக் கட்டியிருக்காங்க. ரப்பர் தெரியக் கூடாதுன்னுதான் டேப். அப்புறம் பெட்டியைக் கொதிக்கிற சூளை மேல வச்சாங்க. அரக்கை யாரும் உருக்கல சார், அதுவா இளகிச்சு. பெட்டியை யாரும் திறக்கவே இல்ல. யாரும் நெருங்க முடியாத இடம்னு மிஸ் நினைச்சாங்க பாருங்க, அங்கதான் எல்லா ஓட்டும் போச்சு."

"பேனா கட்டினது யாரு?" தலைமையாசிரியரின் குரல் தாழ்ந்திருந்தது.

மிஸ் திரும்பிப் பார்த்தார். 

"சூளை மேல வைக்கலாம்னு சொன்னதும் அவங்கதான் சார்," என்றாள் சின்னவள். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. "அடிக்கோல் அக்கா."

அடிக்கோல் மறுப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மறுக்கவில்லை.

"போஸ்டர் நான் எழுதினேன்," என்றாள் மெதுவாக. "பேச்சு நான் எழுதினேன். எந்தக் கிளாஸுக்கு எப்போ போகணும்னு நான் சொன்னேன். நானும் நிக்கணும்னு நினைச்சேன் சார். கிளாஸ்ல ஒருத்தரும் என் பேரைச் சொல்லல. அவளும் சொல்லல."

"அதுக்காக?"

"தோக்கட்டும்னு நினைச்சேன். சின்னப் பசங்க ஓட்டு மட்டும் போனா மைக் ஜெயிச்சிடுவான், அவ்ளோதான். பாதிக்கு மேல வெளுத்துப் போகும், மறுதேர்தல் பேச்சு வரும், சாவியால பழி அவ மேல திரும்பும்னு நினைக்கவே இல்ல. இன்னிக்கு எல்லாரும் அவளைப் பாத்தப்ப... பயத்துல வாய் அவ நேத்து சொன்னதைச் சொல்லிடுச்சு."

"ஏய், என்னை ஜெயிக்க வைக்க நீ யாரு?" என்றான் மைக். இந்த முறை அவன் குரல் கத்தலாக இல்லை. அவமானப்பட்டவன் மாதிரி முகம் சிவந்திருந்தது.

வெள்ளைச் சீட்டுகள் எல்லாம் தட்டுத் தட்டாக உறைபெட்டிக்குள் போயின. கடைசிப் பாடவேளைக்கு முன்னால் எண்ணி முடித்தார்கள். அக்கா ஜெயித்திருந்தாள். மைக் கை கொடுத்தான். "தோத்ததுக்கு வருத்தமில்ல. ஆனா அந்த வனிலா எனக்கு வந்தாகணும்."

அக்கா சிரிக்க முயன்றாள். முடியவில்லை. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நீளப் பெஞ்சின் ஒரு முனையில் அடிக்கோல். மறுமுனையில் சின்னவள். நடுவில் நான்கு பேர் உட்காரலாம். உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. ஒருமுறை தலைமையாசிரியர் உரக்கச் சொன்னது மட்டும் தெளிவாக விழுந்தது: "அவ உன் சான்றிதழ்ல எழுத விட்டிருப்பாளே!"

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை.

"என்ன பேசறாங்க?" என்றாள் அடிக்கோல்.

"தெரியல."

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்து அடிக்கோலின் முன்னால் நின்றாள்.

"உன் சான்றிதழ்ல எழுத மாட்டாங்க. கெஞ்சிக் கேட்டுட்டேன். வீட்டுல சொல்லுவாங்க, அதைத் தடுக்க முடியல."

அடிக்கோல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சின்னவள் அக்கா உட்காரப் பக்கத்து இடத்தைக் காட்டினாள்.

அக்கா உட்காரவில்லை. சின்னவளின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு நடந்தாள். அவள் பிடி வலித்தது. சின்னவள் விடச் சொல்லவில்லை.