பெண் பார்க்க வந்த மூலங்காட்டி

தட்டில் இருந்த கேசரியைத் தொடுவதற்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மா தர்ஷினி அம்மாள் கைப்பையிலிருந்து மூலங்காட்டியை எடுத்துவிட்டார். பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவோடு அதையும் கொண்டுபோவது இப்போதெல்லாம் வழக்கம். எந்த முகப்பூச்சானாலும் அதன் மரபுக்குறியைப் படித்து, இயற்கையா செயற்கையா, எந்த நிலத்தில் விளைந்தது என்று சொல்லிவிடும்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. இவ்வளவு பளபளப்பு இருந்தா யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்?"

இழையினி முகத்தை நீட்டினாள். மூன்று வருடமாக நன்மாறனைக் காதலிக்கிறாள். அவன் அம்மா வேண்டாம் என்றால் அவ்வளவுதான். இந்த நாளுக்காகவே போன வாரம் உயிர்ப்பூச்சு பூசியிருந்தாள். ஒருமுறை பூசினால் போதும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் தோலிலேயே குடியேறிப் பெருகி, தினமும் புதுப்பூச்சைச் சுரக்கும். குப்பி இல்லை, குப்பை இல்லை, ஒரு செடியைக்கூடப் பறிக்க வேண்டாம். நிபந்தனைகளை யார் படிக்கிறார்கள்?

கருவி கன்னத்தில் பட்டது. "நூறு சதவீதம் இயற்கை" என்றது.

தர்ஷினி அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "என் கண்ணே பட்டுடும்போல!" என்று இழையினியின் கன்னங்களை இரு கைகளாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை அழுத்தி நெட்டி முறித்தார். பிறகு கருவியிடம் கேட்டார். "எந்தத் தோட்டத்துச் சரக்கு? நானும் வாங்கணும்."

"விளைநிலம்: இழையினியின் முகம். இயற்கை வேளாண் சான்று பெற்றது. சோப்பு, களிம்பு, கிருமிக்கொல்லி மருந்து ஆகியவற்றுக்குத் தடை. மருந்துக்கடைகளுக்குத் தகவல் தரப்பட்டுள்ளது."

விளைந்த நிலத்தைக் காட்டாமல் எதையும் இயற்கை என்று விற்கக் கூடாது என்பது சட்டம். நிறுவனத்திடம் நிலம் ஏது? வாங்கியவர்களின் முகங்களையே நிலமாகப் பதிவு செய்துவிட்டது, அயோக்கியத்தனமாக.

தர்ஷினி அம்மாள் எழுந்துவிட்டார். "சோப்பு போடாத மருமக நமக்கு வேணாம். கிளம்புடா" என்றார் மகனிடம். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கருவி பிடித்திருந்த கையையே உயர்த்தினார். கருவி நெற்றியில் பட்டதும் மறுபடியும் பேசியது.

"நூறு சதவீதம் இயற்கை. புதிய விளைநிலம் சேர்க்கப்பட்டது."

அவருக்கு முதலில் புரியவில்லை. தன் விரல்களைப் பார்த்தார்.

"நீங்க வழிச்சப்போ ஒட்டிக்கிட்டிருக்கும், அத்தை" என்றாள் இழையினி, அழுகையை அடக்கிக்கொண்டு. "இனிமே உங்களுக்கும் மருந்து தர மாட்டாங்க."

"ஐயோ, அம்மா!" நன்மாறன் கைக்குட்டையோடு ஓடிவந்தான்.

"தொடாதேடா!"

அந்த அலறலில் அவன் அப்படியே நின்றுவிட்டான். தர்ஷினி அம்மாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கருவியைக் கைப்பைக்குள் திணித்தார்.

"கல்யாணத்தை வச்சுக்கலாம்" என்றார் கடைசியில். "இனிமே என்னை வேற யாரு வீட்டுக்குள்ள விடப்போறாங்க? ஆனா ஒண்ணு. இவன் நம்ம ரெண்டு பேரையும் தொடவே கூடாது. நமக்குக் காய்ச்சல் வந்தா, மருந்துக்கடைக்குப் போக வீட்டுல ஒரு ஆளாவது வேணாமா?"

எதிர்பார்த்த சம்மதம் கிடைத்துவிட்டது. இழையினி நன்மாறனை ஆசையோடு பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.