குடைத்தாங்கியில் ஒரு பச்சைக் குடை

தையற்காரர் உட்காரக்கூட இல்லை. துப்பறியும் அலுவலகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, நேற்றுக் காலை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன மகள் வீடு திரும்பவில்லை என்றார். நூலகமே கதியென்று கிடப்பவள். விளக்கணைக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள்.

காவல்துறையிலிருந்து விலகித் தனியாகத் துப்பறிந்துவந்த அக்கா மறுபேச்சின்றிக் கிளம்பினாள். தையற்காரரையும் ஏற்றிக்கொண்டு தம்பி வண்டியை ஓட்டினான்.

நூலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: அந்தப் பெண்தானே, எப்போதும் இங்கேதான் இருப்பாள். நேற்று மாலை பார்த்தீர்களா என்றால் மட்டும் விழித்தார்கள். அடித்தளப் புத்தகக் கிடங்கின் பொறுப்பாளர் ஒருவர்தான் அடித்துச் சொன்னார்: மழை கொட்டும்போது அவள் குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாளாம். அவர் கண்ணால் பார்த்தாராம்.

தம்பி வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். "அங்க போய் விசாரிப்போம்க்கா."

"இரு."

அந்தப் பெண் வழக்கமாக உட்காரும் மேஜையை அக்கா பார்த்தாள். பழைய சட்டத் தொகுதி ஒன்றின் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் விரித்தபடி கிடந்தன. பிறகு தையற்காரரை வாசலோரக் குடைத்தாங்கிக்கு அழைத்துப் போனாள். அதில் ஒரே ஒரு பச்சைக் குடை.

அவர் அதன் மடிப்பைத் தடவினார். "இது அவளுதுதாம்மா. கிழிஞ்ச இடத்துல நான்தான் தையல் போட்டேன்."

அக்கா பொறுப்பாளரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"விரிச்சிட்டுப் போன குடை இங்க எப்படிங்க இருக்கும்? அவ வெளிய போகவே இல்ல. ரெண்டாம் பாகத்தைத் தேடிக் கீழ இறங்கியிருக்கா. நீங்க உள்ள பார்க்காம பூட்டிட்டுப் போயிட்டீங்க. காலையில இவரைப் பார்த்ததும்தான் உறைச்சிருக்கு. எங்களை வெளிய அனுப்பிட்டு, சத்தமில்லாம திறந்துவிடலாம்னு நினைச்சீங்க."

பொறுப்பாளர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பற்றிக்கொண்டார். "வேலை போயிடும்னு பயந்துட்டேன்மா."

"சாவி."

தம்பி படிகளில் பாய்ந்தான்; பின்னாலேயே தையற்காரர். பூட்டுக்குள் சாவி திரும்ப மறுத்தது, மறுபடி திருகினான். கதவு திறந்ததும் காற்றில்லாத புழுக்கம் முகத்தில் அடித்தது. கதவோரமாகவே சுருண்டு கிடந்தாள் அந்தப் பெண். தட்டித் தட்டிக் கைகள் வீங்கியிருந்தன. கண் திறந்தாள்.

"மேல நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுச்சுப்பா. என் சத்தம் யாருக்கும் கேக்கல."

பொறுப்பாளர் படியிலேயே நின்றுவிட்டார். தையற்காரர் மகளைத் தாங்கிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தார். கை ஓங்கப் போகிறார் என்று தம்பி நடுவில் நகர்ந்தான்.

"தண்ணி கொண்டாங்க," என்றார் தையற்காரர். அந்த மனிதர் ஓடினார்.