நூற்றிருபது மில்லி எண்ணெய்

நர்ஸ் போட்ட அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பல் டாக்டர் செத்துக் கிடந்தார்… நோயாளிகள் வாய் திறக்கும் அதே நாற்காலியில். கழுத்தில் ஒயர்.

மதியம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் கொலை நடந்திருக்கிறது. அப்போது கிளினிக்கில் இருந்தது நர்ஸ் மட்டும். மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றாள். பார்த்தவர் யாருமில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் பாவம், அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

டாக்டரின் மைத்துனர், ஊரறிந்த கஞ்சர், தெளிவாகப் பேசினார். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். இன்று சமாதானத்துக்கு வந்தாராம்.

"மச்சான் பேஷண்ட் பார்ப்பாரேன்னு கார்லயே உட்கார்ந்துட்டேன் சார். ரெண்டு மணி நேரம்… கண்ணாடியை ஏத்திட்டு, ஏசியைப் போட்டுட்டு நல்ல தூக்கம்."

எதிர்க்கடைத் தையல்காரரும் ஆமாம் என்றார். கறுப்புக் கண்ணாடிக்குள் ஆள் தெரியவில்லை. ஆனால் கொளுத்தும் வெயிலில் என்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"கிளம்பும்மா ஸ்டேஷனுக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் நர்ஸிடம்.

அப்போதுதான் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கையில் சின்ன பாட்டில். கார் ஏசி மெக்கானிக்!

மைத்துனரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். காலையில் அவர் காருக்குப் புது கம்ப்ரஸர் மாட்டினானாம். பழையதிலிருந்து வடித்து அளந்த எண்ணெய் நூற்றிருபது மில்லி. அதே அளவு புதியதில் ஊற்ற வேண்டும். மறந்துவிட்டான். சோதித்துப் பார்ப்பதற்குள், அவசரம் என்று இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை.

"ஊத்தலைன்னா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஏசி போட்ட கால் மணி நேரத்துல உள்ளே உரசி இறுகிடும் சார். அப்புறம் சுத்தாது."

"பார்த்துச் சொல்லு."

பானெட் திறந்தது. மெக்கானிக் கம்ப்ரஸரின் முன்தட்டை விரலால் சுழற்றினான். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"தப்பிச்சேன் சார்! ஐயா ஏசியே போடலை!"

அவனுக்கு மட்டும்தான் சந்தோஷம். மைத்துனருக்கு வேர்த்துக் கொட்டியது.

"மூடின கார்ல ஏசி இல்லாம ரெண்டு மணி நேரமா? வெந்திருப்பீங்களே சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ஜினை ஓடவிட்டுட்டுப் பின்வாசல் வழியா உள்ளே போயிருக்கீங்க. அதோட ஏசியையும் போட்டிருந்தா நான் நம்பியிருப்பேனே?"

மைத்துனரின் வாய் அவரை மீறிக்கொண்டு முணுமுணுத்தது.

"ஆளில்லாத வண்டிக்கு எதுக்கு சார் ஏசி… பெட்ரோல் வீண்."

நர்ஸுக்கு இப்போதுதான் அழுகை வந்தது.

விலங்கை மாட்டிவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டார் இன்ஸ்பெக்டர். "நீதான்யா முக்கிய சாட்சி. கோர்ட்டுக்கு வரணும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "என்னைக்கு சார்?"

"சொல்லி அனுப்பறேன்… அதையாவது மறந்துடாதே!"